கூலி உண்டு, விலை இல்லை

கும்பகோணம் வட்டாரத்தில் கோனேரிராஜபுரம் என்று இன்று வழங்கும் ஊர், தேவாரத்தில் திருநல்லம் எனப் போற்றப்படும் பழம்பதி. அப்பர் பெருமானும் ஞானசம்பந்தப் பெருமானும் பாடிப் பரவிய தலம். உமாமகேசுவரர் மூலவராக எழுந்தருளியிருக்கும் இத்திருக்கோயிலுக்குள் நுழையும் சேவார்த்திகளை நடராஜர் சந்நிதி தானாகவே இழுத்துக்கொள்கிறது. ஆளுயரத்தை விஞ்சி நிற்கும் பஞ்சலோகத் திருமேனி அது. அபிஷேக காலத்தில் அருகே நின்று தரிசிப்போர், பெருமானின் திருமேனியில் மச்சமும் ரோமமும் தெரிவதாக வியந்து கூறுவர். அதற்கு ஒரு கதையும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருகிறது.

சோழ மன்னன் ஒருவன் இதுவரை எவரும் காணாத அளவில் பெரிய நடராஜத் திருமேனி வேண்டும் எனச் சிற்பிக்கு ஆணையிட்டான். சிற்பி வார்த்தான். திருமேனி சரியாக அமையவில்லை. மீண்டும் வார்த்தான், மீண்டும் பிழை. பொறுமை இழந்த மன்னன் கெடு விதித்தான். அந்தக் கெடுவுக்குள் திருமேனி முடியாவிட்டால் சிற்பியின் தலை தப்பாது. கடைசி முறையாக உலோகத்தை உருக்கிக்கொண்டு, என்ன நேருமோ என்று கலங்கி நின்றான் சிற்பி. அவ்வேளையில் ஒரு முதியவரும் அவருடைய மனைவியும் வந்து, தாகத்துக்குத் தண்ணீர் கேட்டனர். மனம் நொந்திருந்த சிற்பி, “இங்கே இருப்பது இந்த உலோகக் குழம்புதான், வேண்டுமானால் இதைக் குடியுங்கள்” என்று சலித்துக்கொண்டான். அவர்கள் அதையே வாங்கிக் குடித்தார்கள். மறுகணம் முதியவர் நின்ற இடத்தில் ஆடல்வல்லானும், மூதாட்டி நின்ற இடத்தில் சிவகாமி அம்மையும் நின்றனர். மன்னன் நம்பவில்லை, உளியால் திருமேனியைச் சோதித்தான். உதிரம் கசிந்தது.

இந்தக் கதையைப் பெருமானின் அருள்விளையாட்டாகக் கேட்டு உருகுவது அடியார் மரபு. அதனுள் மற்றொரு செய்தியும் பொதிந்து கிடக்கிறது. மன்னனிடம் பொன் இருந்தது, அதிகாரம் இருந்தது, கெடு வைக்கும் துணிவும் இருந்தது. இவை மூன்றும் சேர்ந்தும் ஒரு திருமேனியை உருவாக்க இயலவில்லை. கலைஞனின் கைத்திறனுக்கு மேல் ஒன்று வந்து இறங்க வேண்டியிருந்தது. அதை விலை கொடுத்துப் பெறவும் முடியாது; மிரட்டிப் பெறவும் முடியாது.

படைக்கும் கைக்கும் பணம் கொடுக்கும் கைக்கும் இடையிலான இந்த இழுபறி அன்றோடு முடிந்துவிடவில்லை. காவிரிக் கரையில் இன்றும் அது நடந்துகொண்டிருக்கிறது.

தந்தைக்கு மகன் பிரணவப் பொருளை உபதேசித்த தலம் சுவாமிமலை. தமிழ் வருடங்கள் அறுபதையும் குறிக்கும் அறுபது படிகள் ஏறிச் சென்று சுவாமிநாதனை வழிபடும் அன்பர்கள், மலைக்கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் உளியோசையைக் கேட்டிருப்பார்கள். மேலே மகன் தந்தைக்கு உபதேசித்தான். கீழே தந்தை மகனுக்கு உபதேசிக்கிறார். ஸ்தபதி குடும்பங்களில் சிற்ப சாஸ்திரம் அப்படித்தான் வழிவழியாக வந்திருக்கிறது.

அங்கே ஒரு திருமேனி உருவாகும் முறை அறியத்தக்கது. முதலில் தியான சுலோகம். எத்தனை கரங்கள், எந்தக் கரத்தில் எந்த ஆயுதம், முகத்தில் எந்த பாவம் என்பதையெல்லாம் அந்தச் சுலோகமே சொல்லிவிடுகிறது. அடுத்தது அளவு. தென்னை ஓலையைத் திருமேனியின் உயரத்துக்கு நறுக்கி, அதை மடித்து மடித்துக் கூறுகளாகப் பிரித்துக்கொள்வது பழைய வழக்கம். சிவபெருமானுக்கும் திருமாலுக்கும் உத்தம தசதாலம் என்னும் அளவில் 124 கூறுகள். தேவியருக்கு மத்திம தசதாலம் என்னும் அளவில் 120 கூறுகள். முகம் இத்தனை, மார்பு இத்தனை, முழங்கால் இத்தனை என்று ஒவ்வோர் அங்கத்துக்கும் கணக்கு உண்டு. அதன் பின்னரே தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்த மெழுகில் உருவம் பிடிக்கப்படுகிறது.

மெழுகு உருவத்தின்மேல் காவிரியின் மெல்லிய வண்டல் மண்ணைப் பூசுகிறார்கள். மெழுகில் உள்ள நகக்கீறலைக்கூட அப்படியே பிடித்துக்கொள்ளும் மண் அது. அதன்மேல் கனத்த மண் பூச்சுகள். பெரிய வார்ப்பானால் கம்பிக் கட்டு. நன்றாக உலர்ந்த அச்சை வறட்டித் தீயில் சுட, மெழுகு உருகி வெளியேறுகிறது. அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில், மூசையில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். செம்பு பெரும்பங்கு, பித்தளையும் ஈயமும் ஓரளவு, வெள்ளியும் பொன்னும் சிறிதளவு. ஆறிய பின் மண் அச்சை உடைத்துத் திருமேனியை வெளியே எடுக்கிறார்கள். பிறகு வாரக்கணக்கில், பெரிய திருமேனியானால் மாதக்கணக்கில், உளிவேலை.

மெழுகு உருகிப் போய்விட்டது; அச்சும் உடைந்துவிட்டது. ஆகவே ஒரு மெழுகு உருவத்துக்கு ஒரே திருமேனிதான். இன்னொன்று வேண்டுமானால் தியான சுலோகத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். ஒரே அச்சில் ஆயிரம் பொருள்கள் வார்த்து விற்பதே வாணிபத்துக்கு ஆதாயம். இந்தக் கலையோ ஒவ்வொரு முறையும் அச்சை உடைத்துவிடுகிறது. பூசலுக்கு வித்து இந்த இடத்திலேயே இருக்கிறது.

அக்காலத்துச் சிற்பி பணத்தை நாடாத துறவி என்று எண்ணிவிடலாகாது. அவருக்கும் வயிறு உண்டு, குடும்பம் உண்டு. இதை நன்கு உணர்ந்திருந்தவர் தஞ்சைப் பெரிய கோயிலை எடுப்பித்த இராசராச சோழர். கோயிலில் பணிபுரிந்த நூற்றுக்கணக்கானோரின் பட்டியலை அவர் கல்லில் வெட்டுவித்திருக்கிறார். ஆடல் மகளிர் 400 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும், ஆண்டுக்கு நூறு கலம் நெல் கொண்ட ஒரு பங்கும். அதே பட்டியலில் தச்சரும் தட்டாரும் கன்னாரும் தையற்காரரும் இடம் பெறுகிறார்கள். அவரவர்க்கு உரிய பங்கு இன்னதென்று வரையறுக்கப்பட்டிருக்கிறது. அந்த நெல்லை அளந்த மரக்காலின் பெயர் ஆடவல்லான். கோயிலுக்கு வந்த பொன்னை நிறுத்த எடைக்கல்லின் பெயரும் ஆடவல்லான். கூலி அளக்கும் கருவிக்கே கூத்தப் பெருமானின் பெயர் சூட்டப்பட்டிருந்தது. உழைத்தவன் பங்கில் ஒரு படி குறைந்தாலும் அது பெருமானுக்கே இழைத்த பிழை என்னும் அச்சத்தை அந்தப் பெயரே ஊட்டியிருக்கும்.

அதே கல்வெட்டுகளில் மன்னரும், அவருடைய தமக்கை குந்தவையாரும், தேவியரும், அதிகாரிகளும் எழுந்தருளுவித்த திருமேனிகளின் விவரங்களும் உண்டு. பொன்னும் மணியும் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று துல்லியமாக எடையிடப்பட்டிருக்கின்றன. செப்புத் திருமேனிகளைப் பற்றிப் பேசும்போது கல்வெட்டு உயரத்தைச் சொல்கிறது. பாதம் முதல் கேசம் வரை இத்தனை விரல் என்கிறது. கைகள் எத்தனை, பீடம் எத்தகையது, கனமாக வார்த்ததா, உட்பொள்ளலாக வார்த்ததா என்றும் குறிக்கிறது. நகைக்கு எடை, நாயகனுக்கு அளவு. அக்காலத்தார் இந்த வேறுபாட்டைத் தெளிவாக வைத்திருந்தார்கள்.

கோயிலை எழுப்பியவர்களின் பெயர்கள்கூடச் சில இடங்களில் நிலைத்திருக்கின்றன. தஞ்சைக் கல்வெட்டில் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் பெயர் இருக்கிறது. மேலே சொன்ன திருநல்லத்தைக் கற்றளியாக எடுப்பித்தவர் கண்டராதித்த சோழரின் தேவியார் செம்பியன் மாதேவியார். அவர் ஆணைப்படி அப்பணியை நிறைவேற்றிய சாத்தன் குணபத்தன் அங்கே கல்வெட்டில் குறிக்கப்படுகிறார். செப்புத் திருமேனிகளை வார்த்த கைகளோ பெயரின்றியே மறைந்தன. வார்த்தவன் பங்கு நெல்லைப் பெற்றான்; வார்த்த திருமேனி வழிபாட்டுக்குச் சென்றது. அதற்கு எவரும் விலை குறிக்கவில்லை. கண் திறந்து, ஆவாகனம் செய்து எழுந்தருளுவித்த பின் அந்தக் கோயிலின் சொத்துகளுக்கெல்லாம் உடையவர் அப்பெருமானே. உடையவரை எவர் விற்பது, எவர் வாங்குவது? கூலி உண்டு, விலை இல்லை. பழைய ஏற்பாட்டின் சாரம் இவ்வளவே.

இந்த ஏற்பாடு தலைகீழாக மாறியதை நமது காலத்திலேயே நடந்த மூன்று நிகழ்ச்சிகள் காட்டுகின்றன.

முதலாவது, கும்பகோணத்தை அடுத்த சிவபுரம். 1951-ஆம் ஆண்டு அங்கே நிலத்தடியிலிருந்து சோழர் காலத் திருமேனிகள் கிடைத்தன. அவற்றுள் ஒரு நடராஜரும் இருந்தார். 1954-இல் திருமேனிகள் பழுதுபார்ப்பதற்காகக் கும்பகோணத்துக்கு அனுப்பப்பட்டன. அங்கே பழைய நடராஜரைப் போலவே புதிய திருமேனி ஒன்று செய்யப்பட்டது. கோயிலுக்குத் திரும்பி வந்தது புதியது; பழையது வணிகர் கைக்குப் போயிற்று. சிவபுரத்து மக்கள் இதை அறியாமல் ஆண்டுக்கணக்கில் அபிஷேகமும் ஆராதனையும் செய்து வந்தார்கள். கோயிலில் இருப்பது பழைய திருமேனி அன்று என்பதை 1965-இல் வெளியிட்டவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட். 1973-இல் அமெரிக்கச் செல்வந்தர் நார்ட்டன் சைமன் அத்திருமேனியை ஒன்பது லட்சம் டாலருக்கு வாங்கியதாகச் செய்தி வந்தது. இந்திய அரசு வழக்காடி, உடன்பாடு கண்டு, 1986-இல் பெருமானைத் தாயகத்துக்கு மீட்டது.

இந்த நிகழ்ச்சியில் நெஞ்சை உறுத்துவது களவு மட்டுமன்று. சோழர் காலத்துக் கை செய்ததை அச்சாக மறுபடி செய்யும் ஆற்றல் கும்பகோணத்தில் இருபதாம் நூற்றாண்டிலும் ஒரு கைக்கு இருந்திருக்கிறது. ஆயிரம் ஆண்டுகள் அறுபடாமல் வந்த வித்தை! அந்த வித்தை ஊரறியத் தன் பெயரைச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கலாம். ஒரு வஞ்சகத்துக்குத் திரையாகப் பயன்பட்டது.

இரண்டாவது, திருவாரூர் மாவட்டம் பத்தூர். 1976-இல் கூலித் தொழிலாளி ஒருவர் மண்ணைத் தோண்டியபோது ஒரு நடராஜர் வெளிப்பட்டார். கை மாறிக் கை மாறி, 1982-இல் கனடா நாட்டு நிறுவனம் ஒன்று அவரை விலைக்கு வாங்கியது. லண்டனில் காவல்துறை கைப்பற்ற, வழக்கு அங்கேயே நடந்தது. பணம் கொடுத்து வாங்கியவர் ஒருபுறம். மறுபுறம் பாழடைந்து கிடந்த விசுவநாத சுவாமி கோயில். 1988-இல் தீர்ப்பு கோயிலுக்குச் சாதகமாக வந்தது. 1991-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சட்டத்தின் கண்ணில் கோயிலே ஓர் உரிமையாளராக நின்று வழக்காடலாம் என்பதைக் கடல் கடந்த நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. பெருமான் ஊர் திரும்பினார். சுவாமியே சொத்துக்கு உடையவர் என்று நம் முன்னோர் கொண்டிருந்த நம்பிக்கை சட்டத்தின் சொற்களில் மீண்டும் எழுதப்பட்ட நாள் அது.

மூன்றாவது, அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான். நித்திய பூஜை நின்று பூட்டிக் கிடந்த பிருகதீசுவரர் கோயிலிலிருந்து திருமேனிகள் களவு போயின. அங்கிருந்த நடராஜரை 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் ஐம்பது லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. களவு மெய்ப்பிக்கப்பட்ட பின், 2014 செப்டம்பரில் அந்நாட்டுப் பிரதமர் டோனி அபாட் புதுடில்லிக்கு வந்து அதை நேரில் ஒப்படைத்தார். விளக்கேற்ற ஆளின்றி ஊர் மறந்த பெருமானை, விலைபேசத் தெரிந்த வணிகன் மறக்கவில்லை. மூத்த தலைமுறையினர் நினைந்து வருந்த வேண்டிய செய்தி இது.

ஒன்பது லட்சம் டாலர், ஐம்பது லட்சம் டாலர் என்று விலை ஏறிய கணக்கில் சிற்பியின் பெயரில் ஒரு காசும் இல்லை. பழைய நாளில் கூலி இருந்தது, விலை இல்லை. புதிய நாளில் விலை வானளாவுகிறது, கூலிதான் தேய்கிறது.

சுவாமிமலையின் இன்றைய நிலைக்கு வணிகர்களை மட்டும் பழிப்பது நியாயமாகாது. மன்னர் போய், மானியம் போய், கோயில்களில் புதிய உற்சவத் திருமேனிகள் வேண்டும் என்போரும் அருகிய காலத்தில், பட்டறைகளின் அடுப்பு அணையாமல் காத்ததில் வாங்குவோர்க்கும் விற்போர்க்கும் பங்கு உண்டு. அரசின் பூம்புகார் நிறுவனம் சுவாமிமலையில் உற்பத்திக்கூடம் வைத்து வேலை கொடுத்தது. வெளிநாடுகளில் குடியேறிய நம்மவர் அங்கங்கே கோயில் எழுப்பியபோது திருமேனிகளுக்கு இங்கேதான் வந்தார்கள். சுவாமிமலை வார்ப்புத் திருமேனிகளுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. 2023-இல் ஜி-20 மாநாட்டை முன்னிட்டுப் புதுடில்லி பாரத் மண்டபத்தின் முன் நிறுவப்பட்ட 27 அடி உயரமும் 18 டன் எடையும் கொண்ட நடராஜரும் சுவாமிமலைக் கைகளின் வேலையே. அதுவும் பழைய மெழுகு வார்ப்பு முறையில். வாங்குபவர் இல்லாவிட்டால் உளி துருப்பிடித்துப் போகும். இதை ஒப்புக்கொண்டே மேலே பேச வேண்டும்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பல கடைகளில் இன்று திருமேனியை எடையால் விலை சொல்கிறார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்கிறார்கள். எடைக்கே விலை என்றால், மெல்லிய விரல்களும் நுண்ணிய ஆபரணங்களும் செதுக்க மாதக்கணக்கில் உழைத்தவனுக்கும், தடித்த வார்ப்பை அரத்தால் தேய்த்து இரண்டே நாளில் அனுப்புபவனுக்கும் ஒரே கணக்கு. அப்படியிருக்க எவன் மாதக்கணக்கில் உழைப்பான்? அச்சில் பல படிகள் எடுத்த உருவங்கள் அதே அலமாரியில் பாதி விலைக்கு நிற்கின்றன. இன்னும் சிலர் திருமேனி பழையது போல் தோன்ற வேண்டும் என்று கேட்கிறார்கள். புதிய உலோகத்துக்குப் பச்சைக் களிம்பு ஏற்றித் தருகிறார்கள். நூறாண்டு கடந்த திருமேனிகளை வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடை செய்கிறது. புதியதை அனுப்புவதானால், தொல்பொருள் அன்று எனச் சான்று வாங்க வேண்டும். பழையதைப் புதியது என்று எழுதி அனுப்பிய களவுகளும் நடந்திருக்கின்றன. புதியது பழையது போல் நடிக்கிறது. பழையது புதியது போல் கப்பலேறுகிறது. நடுவில் நேர்மையான ஸ்தபதி இரண்டு பழிகளுக்கும் ஆளாகிறார்.

தியான சுலோகத்தை மனப்பாடமாகச் சொல்லும் தந்தையிடம் மகன், இதைக் கற்று வாழ முடியுமா என்று கேட்டால், அவர் என்ன விடை சொல்வார்? அந்தக் கேள்விக்கு விடை வாங்கும் கைகளில் இருக்கிறது. வாங்கும் கைகள் பெரும்பாலும் பக்தர்களுடையவை. கும்பாபிஷேகத் திருப்பணிக் குழுவில் அமர்ந்திருப்போரும், அறுபதாம் கல்யாணத்தின் நினைவாகக் குலதெய்வக் கோயிலுக்கு உற்சவர் சமர்ப்பிக்க நினைப்போரும், பேரன் பேத்திக்குப் பூஜையறை விக்கிரகம் வாங்கித் தருவோரும் மூத்த தலைமுறையினரே. அவர்கள் நினைத்தால் பழைய மரபின் ஒரு சிறு பகுதியையாவது மீட்க முடியும்.

திருமேனி வேண்டுவோர் எடையைக் கேட்பதற்கு முன் உயரத்தையும் தாலத்தையும் கேட்கலாம். இந்தச் சுவாமிக்கு உரிய தியான சுலோகம் எது என்று வினவலாம். சொல்லத் தெரிந்த ஸ்தபதியின் முகம் மலர்வதைக் காணலாம். மெழுகு உருவம் முடிந்த நிலையில் நேரில் சென்று பார்த்துத் திருத்தம் சொல்வது நல்ல வழக்கம். வார்த்த பின் குறை சொல்வதால் இருவருக்கும் நட்டம். கும்பாபிஷேகத் தேதியைக் குறித்துவிட்டு, ஒரு மாதத்துக்கு முன் ஓடிச்சென்று அவசரப்படுத்துவது, திருநல்லத்து மன்னன் வைத்த கெடுவை மறுபடி வைப்பதற்கு ஒப்பாகும். உலோகம் வாங்க முன்பணம் தேவை என்பதை உணர்ந்து அதை உரிய காலத்தில் கொடுத்தால், ஸ்தபதி வட்டிக்குக் கடன் வாங்கும் நிலை வராது. காய்கறிக் கடையில் பேசுவது போல் பேரம் பேசாமல், செய்கூலி இவ்வளவு, உலோகம் இவ்வளவு என்று பிரித்துக் கேட்டு, செய்கூலியைக் குறைக்காமல் கொடுப்பது தருமம். சமர்ப்பணக் கல்வெட்டில் உபயதாரர் பெயருக்குக் கீழே வார்த்தவர் பெயரையும் ஒரு வரியில் பொறித்துவிடலாம். பெருந்தச்சனின் பெயரைக் கல்லில் இடம்பெறச் செய்த மரபுக்கு இது ஏற்றதே.

ஊர்க் கோயில்களில் விளக்கெரிய வேண்டும் என்பதும் இதனோடு சேர்ந்ததே. காவல் குறைந்த கோயில்களின் திருமேனிகள் பலவும் இன்று திருவாரூர் தியாகராஜ சுவாமி கோயில் வளாகத்துப் பாதுகாப்பு மையம் போன்ற இடங்களில் வைக்கப்பட்டிருக்கின்றன. அங்கே களவு பயம் இல்லை; ஆனால் வீதி உலாவும் இல்லை. தத்தம் ஊருக்குத் திரும்பும் நாளுக்கு அவை காத்திருக்கின்றன. நாள்தோறும் நால்வர் வந்து கைகூப்பும் சந்நிதியில் கன்னமிட எவனுக்கும் எளிதில் துணிவு வராது.

கோனேரிராஜபுரத்துக்குச் செல்லும் அன்பர்கள் அடுத்த முறை அந்த நடராஜர் திருமுன் சற்று நேரம் கூடுதலாக நிற்கலாம். கதையில் மன்னன் பெயரும் உறுதியாக இல்லை. சிற்பியின் பெயரும் இல்லை. தாகம் என்று வந்து கேட்ட முதியவர் மட்டும் நிற்கிறார். தீபாராதனையின்போது கைகூப்புவோர், கெடுவுக்கும் கொதிக்கும் உலோகத்துக்கும் நடுவே கலங்கி நின்ற அந்தச் சிற்பியையும் ஒருமுறை நினைத்துக்கொண்டால், பெருமான் அதையும் பூஜையில் சேர்த்துக்கொள்வார்.